சப்பரத்தை நடத்திய வெயிலுமுத்தார்

சுண்ணாம்பு சுடும் காளவாசலில் கல் சுமந்து வயிறு வளர்த்தவர் வெயிலுமுத்தார். கரிசல் காட்டுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் மேலச்சாத்தனேரி அவர் ஊர். தலை, புருவம், மீசை எல்லாம் சுண்ணாம்புத் தூள் படிந்து, இளவயதிலேயே நரைத்தவர்போல் இருப்பார். விடிந்ததும் கண்மாயில் முங்கி எழுவார். தம் பெரிய பித்தளைக் குழலைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவார். பிறகு குன்றின்மேல் இருக்கும் முருகன் கோயிலைப் பார்த்து நின்று, ஒரே ஒரு தடவை 'பூம்' என்று ஊதுவார். பதிகம் பாடத் தெரியாது, மந்திரம் சொல்ல நாக்கு வளையாது. அவர் அறிந்த பூசை அவ்வளவுதான்.

அந்தக் குழல் ஊர்ப் பேண்டு செட்டைச் சேர்ந்தது. பட்டாளத்தில் பேண்டு வாசித்துத் திரும்பிய சிவனணைந்தார் என்பவர், பழைய கருவிகளைத் தேடிப் பிடித்துவந்து அந்தச் செட்டைத் தொடங்கினார். கிளாரினெட்டுக்கும் டிரம்பெட்டுக்கும் ஆட்கள் முண்டியடித்தார்கள்; பாட்டு அவற்றில்தானே இருக்கிறது! கனத்த பாஸ் குழலை மட்டும் எவரும் சீந்தவில்லை. கீழே ஒரு பூம், மேலே ஒரு பூம், அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. எல்லாரும் வேண்டாம் என்றதை வெயிலுமுத்தார் தோளில் போட்டுக்கொண்டார்.

"எருமை கத்திட்டு, எந்திரிங்கலே!" என்று காலைதோறும் ஊர் கேலி பேசும். வெயிலுமுத்தார் கோபித்துக்கொண்டதில்லை. "எருமைக்கும் அவந்தானய்யா தொண்டை குடுத்தான்" என்று சிரித்துக்கொண்டே காளவாசலுக்கு நடப்பார்.

கல்யாணமோ, காதுகுத்தோ, சாவோ, எங்கே வாசித்தாலும் குன்றைப் பார்த்து ஓர் ஊது ஊதிய பிறகே தொடங்குவது அந்தச் செட்டின் வழக்கம். வைகாசி விசாகத்தன்று முருகன் சப்பரத்தில் ஊரைச் சுற்றிவரும்போது முன்னால் போவதும் அவர்கள்தான். வெயிலுமுத்தாருக்கு வருசம் முழுவதும் அந்த ஒரு நாளுக்காகத்தான் விடிந்தது.

அந்த நாளுக்குத்தான் வந்தது வினை. புதிதாக வந்த தருமகர்த்தா உலகநாத பிள்ளை, கோயில் மண்டபத்தில் ஊரைக் கூட்டிக் கட்டளை போட்டார்.

"எழவு வீட்டுல ஊதுன கொழல சாமிக்கு முன்னால ஊதப்படாது. இனிமே டவுன் பேண்டுதான்."

வெயிலுமுத்தார் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். "ஐயா, எழவு வீட்டுக்கும் அவந்தானய்யா தொணைக்கு வாரான்?"

"நீ காளவாசல்லயே ஊது, போ" என்றார் பிள்ளை. கூட்டம் சிரித்தது.

அந்த அவமானத்தில் படுத்த சிவனணைந்தார் பிறகு எழுந்திருக்கவே இல்லை. மற்றவர்கள் பிழைப்புத் தேடித் திருப்பூருக்கும் சிவகாசிக்கும் போனார்கள். செட்டில் மிஞ்சியவர் வெயிலுமுத்தார் ஒருவரே. அவருக்கோ சுண்ணாம்புத் தூள் நெஞ்சில் இறங்கி இருமல் கண்டது. அடுப்பு எரியாத ஒரு நாளில், குழலை உருக்கிக் குடம் அடிப்பதற்காகப் பாத்திரக்காரர் விலை பேச வந்தார். வெயிலுமுத்தார் வாய் திறக்குமுன் அவர் மனைவி பேச்சித்தாய் வாசலை மறித்தார். "அது சாமி சாமான். பட்டினி எங்களுக்குப் பழக்கந்தான், போயிட்டு வாங்க" என்றார். அடியாருக்கு வாய்த்த இல்லாளும் அடியார்தான்!

"முருகா, ஒன் முன்னால ஒருக்க ஊதணும். அதுக்குப் பொறவு மூச்சு நின்னாலும் சரி" என்பது ஒன்றே அந்நாளில் அவர் வேண்டுதல்.

விசாகம் வந்தது. டவுன் பேண்டு பளபளவென்ற சட்டையும் தொப்பியுமாக வந்து இறங்கியது. வெயிலுமுத்தார் கண்மாய்க் கரைக்கு அப்பால் காளவாசல் மேட்டில், குழலைத் தோளில் மாட்டியபடி நின்றார். கிட்டப் போகத்தான் தடை. பார்க்கத் தடை இல்லையே.

பொழுது சாய, சப்பரம் கண்மாய்க் கரையேற்றத்துக்கு வந்தது. இத்தனை காலமும் சப்பரம் தூக்கிகள் பாஸ் குழலின் ஒரு பூமுக்கு இடதுகாலும் அடுத்த பூமுக்கு வலதுகாலுமாக எடுத்து வைத்தே அந்த ஏற்றத்தைக் கடந்திருந்தார்கள். அது ஊரில் ஒருவர் புத்தியிலும் பதிந்திருக்கவில்லை, தூக்கிகள் உட்பட. டவுன் பேண்டுக்கு என்ன தெரியும்? கூட்டத்தைக் கண்ட உற்சாகத்தில் ஏற்றத்தின் நடுவிலேயே நின்று ஆட்டப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டது. பாரம் ஏறிய தோள்கள் தடுமாறின. முன்னவன் கால் ஒரு பக்கம், பின்னவன் கால் ஒரு பக்கம். சப்பரம் கண்மாய்ப் பக்கம் சாய்ந்தது.

"ஐயோ, முருகா!" என்று ஊரே அலறியது.

வெயிலுமுத்தார் கட்டளையை நினைக்கவில்லை, நெஞ்சு வலியையும் நினைக்கவில்லை. குழலில் வாயை வைத்தார்.

பூம்!

தூக்கிகளின் இடதுகால்கள் ஒன்றாக ஊன்றின. பூம்! வலதுகால்கள் ஊன்றின. சாய்ந்த சப்பரம் நிமிர்ந்தது. ஆட்டப் பாட்டு தானாக அடங்கிப்போக, கரை முழுதும் அந்த எருமைக் குரல் ஒன்றே நிறைந்தது. இருமல் தொண்டை வரை வந்து முட்டியது; விழுங்கிக்கொண்டு ஊதினார். கண் இருட்டியது, ஊதினார். சப்பரம் கரையின் உச்சியை எட்டும்வரை அந்த மூச்சு அறுபடவே இல்லை.

சமதளம் வந்ததும் சப்பரம் கிழக்கே தேரடிக்குப் போகவேண்டும். அதுவோ மேற்கே காளவாசலைப் பார்த்துத் திரும்பியது.

"எங்கலே போறிய?" என்று பிள்ளை கத்தினார்.

"நாங்க திருப்பல சாமி! அதுவா திரும்புது!" என்று முன்தூக்கி அழுதுகொண்டே சொன்னான்.

மயில்மேல் வீற்றிருந்த குமரன் சுண்ணாம்பு மேட்டில், வெயிலுமுத்தாருக்கு நேர் எதிரே வந்து நின்றான். அவன் மார்பில் கிடந்த மாலை அவிழ்ந்து, அகன்று விரிந்த குழலின் வாயில் விழுந்தது.

உலகநாத பிள்ளை செருப்பில்லாத காலோடு ஓடிவந்து, எல்லார் முன்னிலும் கைகூப்பினார். "மன்னிச்சிருமய்யா, வெயிலுமுத்து. தடை போட்டது நான். அவரு ஒம்மத் தேடி வந்துட்டாரு."

"எங்கிட்ட என்னய்யா மன்னிப்பு? சாமி நிக்காரு, வழிய விடுங்க" என்றார் வெயிலுமுத்தார். கண்ணீர் சுண்ணாம்பில் கோடு போட, மாலை சூடிய குழலோடு முன்னால் நடந்தார். டவுன் பேண்டார் தொப்பியைக் கழற்றிவிட்டு அவர் பின்னால், அவர் நடைக்கே வாசித்து வந்தார்கள். கேலி பேசிய தெருக்களெல்லாம் ஆரத்தியோடு நின்றன.

செய்தி கேட்டுத் திருப்பூருக்கும் சிவகாசிக்கும் போனவர்கள் திரும்பினார்கள். செட்டு மறுபடி கூடியது. அன்றுமுதல் விசாகத்தன்று தருமகர்த்தா வந்து "ஆகட்டுமா, வெயிலுமுத்து?" என்று கேட்பார். அவர் ஊதிய பிறகே தூக்கிகள் கால் பெயர்ப்பார்கள்.

பாட்டு வராத குழல் ஒன்றைக் கொண்டே குமரனைத் தம்மிடம் நடந்துவரச் செய்த வெயிலுமுத்தாரின் மூச்சுக்கு நம் வணக்கம் உரியதாகுக.