பாலோடு பிணங்கிய பக்கிரியார்

வெள்ளைக்காரர் காலத்தில், சோழநாட்டுக் கடலோரத்துச் சிறிய இரயில் நிலையம் ஒன்றில் சுமை ஏற்றிப் பிழைத்தவர் பக்கிரியார். காலையில் மீன் கூடைகளில் ஐஸை உடைத்துப் போட்டு, உமி கொட்டி மூடி, பட்டணம் போகும் பெட்டியில் அடுக்குவார். அடுத்து, மேலநல்லூர்க் குளிர்மதிநாதரின் உச்சிக்கால அபிஷேகத்துக்குப் போகும் பால் கேனை ஏற்றுவார். மீனுக்குத்தான் ஐஸ், பாலுக்கு ஈரச்சாக்கு. அந்தச் சாக்கை 'நமசிவாய' என்று பஞ்சாட்சரம் சொல்லிக்கொண்டே கேனில் சுற்றுவார். அவர் சுற்றிய பால் ஒருநாளும் திரிந்ததில்லை.

ஆனால் அந்தப் பாலைக் கண்டால் அவருக்கு வயிறு எரியும். ஓய்வு நாளில் நடந்தே கோயிலுக்குப் போனாலும், மீன் கவுச்சி என்று அவரை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

"குடுத்துவச்ச பாலு நீ. நேரா அவரு தலையில போயி ஏறிக்கிற. ஒன்னைச் சுமக்குற நான் வாசல்ல நிக்கணும்" என்று சாக்கின் மேல் தண்ணீரை விசிறி அடிப்பார்.

"பக்கிரி பால் கேனோட சக்களத்திச் சண்டை போடுறான் பாரு!" என்று மற்ற கூலிகள் சிரிப்பார்கள். அவர் மறுக்கமாட்டார். உண்மை அதுதானே.

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு நாள், எஞ்சின் பழுதாகி வண்டி புறப்படவில்லை. "பால் திரிஞ்சிடும். கீழ கொட்டிடு" என்றார் கார்டு. சிவனுக்கு உரியதைத் தரையில் கொட்டுவதா? பக்கிரியார் கேனைத் தலையில் ஏற்றிக்கொண்டு தண்டவாளத்தோரமாக நடந்தார். ஆறு மைல். வாய்க்கால் கண்ட இடமெல்லாம் சாக்கை நனைத்தார். தம் தலைத்துண்டையும் நனைத்து அதற்கே போர்த்தினார். "திரிஞ்சிடாத, என் ராசால்ல. நான் பொறாமப்பட்டதெல்லாம் மறந்துடு" என்று கெஞ்சிக்கொண்டே போனார். உள்ளங்கால் கொப்பளித்தது.

வாசலில் காவலாள் கேனை வாங்கிக்கொண்டு, "நீ அங்கயே நில்லு" என்றான். பால் உள்ளே போயிற்று. பக்கிரியார் கண்கலங்கி நின்றார். அன்று பட்டதுபோல் பொறாமை அவர் என்றும் பட்டதில்லை.

குருக்கள் பாலைத் தொட்டுப் பார்த்தார். கிணற்று நீர்போல் குளிர்ந்திருந்தது. செம்பில் முகந்து உயர்த்தியபோது கருவறையில் குரல் எழுந்தது.

"நிறுத்து. ஆறு மைல் இந்தப் பால் அவன் தலையில் இருந்தது. வழியெல்லாம் நனைத்தான், கெஞ்சினான், தான் வெந்து இதைக் குளிரவைத்தான். என்னை ஒருவரும் இப்படித் தாங்கியதில்லை. எனக்குப் பொறாமையாக இருக்கிறது. முதலில் அவனை அழைத்து வா."

குருக்கள் செம்பை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார். செதில் ஒட்டிய மார்போடு நின்றவரைக் கைபிடித்து உள்ளே அழைத்துச் சென்றார். பக்கிரியார் நாதரைக் கண்குளிரக் கண்டார். பால் காத்திருந்தது.

அந்தப் பேற்றை நினைத்தால் இதை எழுதும் எனக்கும் வயிறு எரிகிறது. பக்கிரியார் பொறுத்தருள்வாராக.