பருப்பு டப்பாவின் மூடி

முன்பொரு வாடகை வீட்டுச் சமையலறையில், அடுப்புக்கு மேலே இருந்த அலமாரித் தட்டில், ஒரு எவர்சில்வர் பருப்பு டப்பா இருந்தது. அதற்கு ஒரு மூடி. இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கப்பட்டவைதான். ஆனால் குணம் வேறு. டப்பாவுக்கு எதைக் கேட்டாலும் ஏன் என்று திருப்பிக் கேட்க வேண்டும். மூடிக்கு எதைப் பார்த்தாலும் உடனே மூடிவிட வேண்டும்.

அங்கே குடியிருந்த பவளக்கொடி மருந்துக் கடையில் பில் போடுகிறவள். கணவன் அறிவழகன் டைல்ஸ் கடையில் விற்பனைக்கு நிற்பவன். மகள் ஓவியா ஏழாம் வகுப்பு. மூவரில் டப்பாவுக்கு நெருக்கம் பவளக்கொடிதான். தினமும் கைவிட்டு அள்ளுகிறவள் அவள்தானே.

டப்பாவின் அடியில், பருப்புக்குக் கீழே, வெகு நாட்களாகச் சிறுவாடு குடியிருந்தாள். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துப் பவளக்கொடி சேர்த்த நோட்டுகள்தான் சிறுவாடு. அதிகம் பேசமாட்டாள். பருப்பு வாசனையோடு சுருண்டு படுத்திருப்பாள். பவளக்கொடியின் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் வந்தபோது, "போயிட்டு வரேன்டி" என்று டப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். திரும்பவே இல்லை.

"அவ போனது யாருக்கும் தெரிய வேண்டாம்," என்றது மூடி, இன்னும் இறுக்கி உட்கார்ந்துகொண்டு. "இருக்கான்னு எல்லாரும் நினைச்சுக்கட்டும். அதுதான் நம்ம பவளத்துக்கு மரியாதை."

"இல்லாதவளை இருக்கான்னு காட்டிக்கறதுல என்னடி மரியாதை?"

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு கேள்வி."

அந்த மாசமே அறிவழகன் சமையலறை வாசலில் வந்து நின்றான். "பவளம், ஒரு அஞ்சாயிரம் இருக்குமா? சம்பளம் வந்ததும் தந்துடறேன்."

இல்லை என்ற சொல் அவள் தொண்டைவரை வந்தது. டப்பா அதைப் பார்த்தது. அங்கேயே நின்று, எச்சிலோடு உள்ளே போனதையும் பார்த்தது.

"அடுத்த வாரம் தரேங்க," என்றாள்.

மருந்துக் கடைக்கு வந்து போகிற பேங்க் ஏஜென்ட் பெண் ஒருத்தி கொஞ்ச நாளாகவே அவளிடம் கார்டு வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். மறுவாரம் சிறுவாடு படுத்திருந்த இடத்தில் நீல நிற கிரெடிட் கார்டு ஒன்று வந்து இறங்கியது.

"வணக்கம் மேடம்," என்றது டப்பாவிடம். "இதுக்கு முன்னாடி இங்க இருந்தவங்க எவ்வளவு வச்சிருந்தாங்க?"

"ஏழாயிரம். நல்ல மாசத்துல எட்டாயிரம்."

"நான் எண்பதாயிரம் வரைக்கும் தருவேன்."

"அவ்வளவு உன்கிட்ட இருக்கா?"

கார்டு சிரித்தது. "இருக்கறதைத் தர்றது அவங்க. நான் வேற டிபார்ட்மென்ட், மேடம். நான் இல்லாததைத் தருவேன். இருக்கறதை வாங்கிப்பேன்."

ஏ.டி.எம்.மில் எடுத்த ஐயாயிரம் அறிவழகன் கைக்குப் போனது. பில் வந்ததும் பவளக்கொடி மெல்ல ஆரம்பித்தாள். "என்னங்க, கேஸ் தீரப் போகுது. ஸ்கூல் வேனுக்கு வேற கட்டணும்." அவனும் இல்லை என்று சொல்லவில்லை. மறுநாளே கொண்டுவந்து கொடுத்தான். அதில் அவள் கார்டுக்குக் குறைந்தபட்சமாகக் கட்ட வேண்டிய மினிமம் டியூ மட்டும் கட்டினாள். பிறகு அவன் கேட்டான், அவள் கொடுத்தாள். அவள் கேட்டாள், அவன் கொடுத்தான். அவளுக்கென்ன, சிறுவாடு வைத்திருக்கிறாள் என்று அவன் நினைத்தான். அவருக்கென்ன, கடையில் சம்பளத்துக்கு மேல் இன்சென்டிவ் தருகிறார்கள் என்று அவள் நினைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பெருமையாகவும் பேசிக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவழகன் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தான். அவன் சட்டைப் பையில் இருந்த பர்ஸிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மேல யாரு? நம்ம ஆள் மாதிரி வாசனை வருது."

"நான்தான் சார், நீலம். நீங்க?"

"சிவப்பு. இவரோட தங்கச்சி பொண்ணுக்குக் காதுகுத்து வந்துச்சு. தாய்மாமன் சீர்னு தங்கத் தோடு, பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, எல்லாம் என் தலையிலதான். கடையில இன்சென்டிவ் வந்துச்சுன்னு வீட்ல சொல்லிட்டாரு."

"உங்களுக்கு மாசா மாசம் எப்படிக் கட்டறாரு?"

"பொண்டாட்டிகிட்ட வாங்கித்தான். அந்தம்மா நல்ல வசதி போல."

"அது நான்தான் சார்," என்றது நீலம். "எனக்கு அந்தம்மா புருஷன்கிட்ட வாங்கிக் கட்டறாங்க. அவரும் நல்ல வசதின்னு நினைச்சேன்."

"அது நான்."

இரண்டும் சிரிக்க ஆரம்பித்தன. பருப்பெல்லாம் குலுங்குகிற சிரிப்பு.

"அப்போ நீ என்னைத் திங்கற, நான் உன்னைத் திங்கறேன். குறையறது யாரு?"

"நாம ரெண்டு பேரும் வளரத்தான் செய்யறோம் சார். குறையறது அவங்க."

அறிவழகன் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். டப்பாவுக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

"கேட்டியாடி?" என்றது மூடியிடம். "இவ ஒரே ஒரு தடவை இல்லைன்னு சொல்லியிருந்தா போதும். அந்த ஆளாவது சொல்லியிருக்கலாம். விடு, திற. அந்த நீலத்தை நாலு பேர் பார்க்கட்டும்."

"மாட்டேன். ஒருத்தர் மேல ஒருத்தர் வச்சிருக்கற மதிப்பு போயிடும்."

"எந்த மதிப்பு? இல்லாத காசு மேல வச்சிருக்கற மதிப்பா?"

"குடும்பம்னா நாலு விஷயம் மூடித்தான் இருக்கும். உனக்குப் புரியாது."

"மூடி வச்சதுக்கு வட்டி யாருடி கட்டறது? நீயா?"

மூடி இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டது. நியாயம் பேசுகிறவர்களிடம் உலகத்து மூடிகள் எல்லாம் அப்படித்தான் நடந்துகொள்கின்றன.

இரண்டு கார்டுகளின் லிமிட்டும் முடிந்தது. அவனிடம் கேட்டால் சிடுசிடுத்தான். அவளிடம் கேட்டால் அழுதாள். காரணத்தை மட்டும் இருவரும் சொல்லவில்லை. பவளக்கொடி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பாக்கி கேட்கிறவர்களிடம் போனில் கெஞ்ச ஆரம்பித்தாள். "கடைக்குப் போன் பண்ணாதீங்க சார். ஓனர் எடுத்துட்டாரு சார். கஸ்டமருங்க எல்லாம் நிக்கறாங்க சார்." அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று டப்பாவுக்குக் கேட்கவில்லை. அவள் முகம் சுருங்கியது மட்டும் தெரிந்தது.

ஒரு வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு மதியமே வந்தாள். ஓவியாவின் யூனிஃபார்ம் அத்தனையையும் இஸ்திரி போட்டு அடுக்கினாள். ஒரு வாரத்துக்கு வரும். மேல்தட்டைத் துடைத்தாள். கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். பிறகு குக்கரில் பருப்பும் அரிசியும் போட்டாள்.

"யாரு நீ?" என்று கேட்டது டப்பா.

"எலி மருந்து."

"இந்த வீட்ல எலி இல்லையே."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு," என்றது பொட்டலம். அதன் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "அந்தம்மா கடைக்காரர்கிட்ட எலியைப் பத்தி ஒண்ணுமே பேசல."

டப்பாவின் அடியிலிருந்து நீலம் அவசரமாகச் சொன்னது: "மேடம், இதுல எனக்குச் சம்பந்தம் இல்லை. நான் யாரையும் சாகச் சொல்லல. மினிமம் கட்டச் சொன்னேன், அவ்வளவுதான்."

வாழ்க்கையில் முதல் முறையாக டப்பாவுக்கு வாதாடத் தோன்றவில்லை. "கேட்டுக்கிட்டுதானே இருக்க?" என்று மட்டும் மூடியிடம் கேட்டது.

தெருவில் அறிவழகனின் பைக் சத்தம் வந்தது. செருப்பைக் கழற்றும் சத்தம் வந்தது.

"இந்த உயரத்துலேர்ந்து விழுந்தா நான் நசுங்கிடுவேன்டி," என்றது மூடி.

"தெரியும்."

"அப்புறம் எதையும் ஒழுங்கா மூட முடியாது."

"தெரியும்."

அறிவழகன் சமையலறைக்குள் வந்தான். குக்கர் விசில் அடித்தது. தட்டு அதிர்ந்தது. அந்த அதிர்வு போதுமானதாக இருந்தது. மூடி பிடியை விட்டது, டப்பா குதித்தது.

பருப்பு சமையலறை முழுக்கச் சிதறியது. நீலக் கார்டு அவன் காலடியில் போய் விழுந்தது. டப்பாவோடு இழுபட்டு வந்த பொட்டலமும் கூடவே விழுந்து, சிலிண்டர் பக்கத்தில் போய்க் கிடந்தது.

அவன் குனிந்து கார்டை எடுத்தான். "இது யாரோடது?"

பவளக்கொடி கார்டைப் பார்க்கவில்லை. அவள் கண் சிலிண்டர் பக்கம் போனது. அவனும் அங்கே பார்த்தான். கிட்டப் போய் எடுத்து, மேலே எழுதியிருந்ததைப் படித்தான். அடுப்பை அணைத்தான்.

"நம்ம வீட்ல எலி இல்லையே பவளம்," என்றான். குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் பர்ஸைத் திறந்து சிவப்புக் கார்டை எடுத்து நீலத்தின் பக்கத்தில் வைத்தான்.

"இதுக்குக் கட்டத்தான் உன்கிட்ட வாங்கினேன்."

"அதை இதுலேர்ந்துதாங்க எடுத்துக் குடுத்தேன்," என்று நீலத்தைக் காட்டினாள்.

"அப்போ நான் குடுத்ததெல்லாம்?"

"இதுக்குக் கட்டினேன்."

"உன் சிறுவாடு?"

"அம்மா கண்ணுக்குப் போயிடுச்சு. உங்க இன்சென்டிவ்?"

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை அது. கொஞ்ச நேரத்தில் அழுகையானது. அவன் கிட்டே வர எழுந்தபோது, "பருப்பை மிதிக்காதீங்க," என்றாள். அப்புறம் இருவரும் தரையில் உட்கார்ந்து பருப்பைப் பொறுக்கினார்கள். பொறுக்கப் பொறுக்கப் பேசினார்கள். பொட்டலத்தை அவன் வெளியே கொண்டுபோனான். எங்கே போட்டான் என்று அவளும் கேட்கவில்லை.

அன்றே கத்தரிக்கோல் வந்தது. "வெட்டுங்க சார்," என்றது சிவப்பு. "என் பசி என்கிட்ட இல்லை. அது வேற ஊர்ல, கம்ப்யூட்டர்ல இருக்கு."

உண்மைதான். வெட்டிய பிறகும் அது தின்றுகொண்டே இருந்தது. பைக் போனது. அவன் பஸ்ஸில் தொங்கினான். அவள் வளையல்கள் அடகுக்குப் போகவில்லை, நேராக விற்கப்பட்டன. அவன் சீரால் ஆரம்பித்த கடனுக்கு அவள் கைதான் முதலில் வெறிச்சோடியது. அதை டப்பா இன்னும் மன்னிக்கவில்லை. தங்கை இரண்டாவது மகளுக்குக் காது குத்தியபோது, அறிவழகன் ஒரு தட்டுப் பழத்தோடு போய் நின்று, "இவ்வளவுதாம்மா முடிஞ்சுது," என்றான். அதற்கப்புறம் தங்கையிடமிருந்து போன் வருவதில்லை.

மிரட்டுகிறவர்களின் போனைப் பவளக்கொடி ஸ்பீக்கரில் போட்டாள். கணவனும் மகளும் கேட்க, "இந்த மாசம் இவ்வளவுதான்," என்றாள். முட்டை நின்றது. டப்பாவில் பருப்பு அடிமட்டத்துக்கு வந்தது.

"தினமும் ரசமா?" என்றாள் ஓவியா.

"ஆமா. கடன் இருக்கு."

"அப்பளமாவது?"

"அப்பளமும் இல்லை."

இல்லை என்ற சொல் அந்த வீட்டில் இப்போது சாதாரணமாகப் புழங்கியது.

ஓவியா பத்தாம் வகுப்புக்குப் போன வருஷம் கடைசித் தவணை முடிந்தது. யாரும் பாயசம் வைக்கவில்லை. மறுநாளே போனில் பேங்கிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. பவளக்கொடி சமையலறையிலிருந்தே அதைச் சத்தமாகப் படித்தாள்.

"நாம ரொம்ப நல்லவங்களாம். புதுக் கார்டு, ரெண்டு மடங்கு லிமிட் தராங்களாம்."

"இல்லைன்னு சொல்லு," என்றான் அறிவழகன், ஹாலிலிருந்து.

"இல்லை," என்றாள் அவள், போனைப் பார்த்து.

மேல்தட்டில் டப்பா பழைய இடத்திலேயே இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு கையகலம் காலியாகக் கிடக்கிறது. சாமான் எவ்வளவு நெருக்கினாலும் பவளக்கொடி அந்த இடத்தில் எதையும் வைப்பதில்லை.

நசுங்கிய மூடி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அதற்கு இன்னும் குறைதான். "இப்படி இருந்தா எறும்பு வந்துடும்டி," என்றது ஒருநாள்.

"வரட்டும்," என்றது டப்பா.