பாதி மிதி

நாகர்கோவிலில் ஜெபமலர் கார் பட்டறை நடத்திவந்தார். லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு, அவரிடம் தொழில் படிக்க வந்தவர் தாணு. ஜெபமலரைவிட வயதில் மூத்தவர்.

அன்று காலை சூசை அதே காரை மறுபடியும் கொண்டுவந்து நிறுத்தினான். சாவியைத் தாணுவின் கையில் கொடுக்கவில்லை. பானெட்டின் மேல் எறிந்தான்.

“நேத்து பாலத்துல ஏறும்போது வண்டி அப்படியே செத்துப்போச்சு. பின்னால டிப்பர் லாரி. உள்ள என் வீட்டுக்காரி இருந்தா, ஏழு மாசம். உங்களுக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லித் தொலைங்க.”

தாணுவின் முகம் சுருங்கியது. பிளக், பெட்ரோல் பம்பு எல்லாம் மாற்றியாயிற்று. எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று இன்ஜினுக்குச் சொல்லும் த்ராட்டில் சென்சாரைக்கூட விடவில்லை. அதன் திருகாணிகளைத் தளர்த்தி, இம்மி இம்மியாகத் திருப்பி, அளவு வைத்திருந்தார்.

இன்னொரு வண்டிக்கு அடியிலிருந்து ஜெபமலர் எழுந்து வந்தார்.

“சென்சாரைப் பாத்தீங்களா அண்ணே?”

“பாத்தாச்சு மேஸ்திரி. மிதிக்காதப்போ அரை வோல்ட். முழுசா மிதிச்சா நாலரை. இதுக்கு மேல என்னத்தைப் பாக்க?”

ஜெபமலர் வோல்ட் காட்டும் ஒரு பழைய முள் மீட்டரைச் சென்சார் ஒயரில் மாட்டி, கண்ணாடி வழியே தெரியும்படி வைப்பர் மேல் சாய்த்துவைத்தார்.

“சாவியை மட்டும் போடுங்க, இன்ஜின் வேண்டாம். உக்காந்து மெதுவா மிதிங்க.”

தாணு மிதித்தார்.

“இது வேகம். விட்டுட்டு மறுபடியும்.”

மிதித்தார்.

“இன்னும் மெதுவா.”

“காலு மரத்துப்போச்சு மேஸ்திரி. வண்டிக்காரன் நின்னு முறைக்கான். நாம இங்க மிதிச்சு விளையாடிட்டிருக்கோம்.”

“மறுபடியும்.”

தாணு பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். முள் மெல்ல ஏறியது. பாதிக்குச் சற்று முன்னால் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது. மறுகணமே எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல மேலே போயிற்று.

“கொஞ்சம் விட்டுப் பாருங்க.”

அதே இடத்தில் மறுபடியும் விழுந்தது.

சூசை எட்டிப் பார்த்தான். “பாலம் ஏறும்போது என் காலு அங்கதான் நிக்கும்!”

“எப்பவும் அங்கேயே நின்னா, சென்சாருக்கு உள்ளேயும் அங்கதான் தேயும்” என்றார் ஜெபமலர்.

புதுச் சென்சார் வந்துசேர மதியமாயிற்று. தாணுவே மாட்டி, அளவு வைத்து, மெதுவாக மிதித்துப் பார்த்தார். முள் எங்கும் விழவில்லை. சூசை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பாலத்தில் ஏறி இறங்கி வந்தான். வண்டி திணறவில்லை. “சாயங்காலம் அவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் புறப்பட்டான்.

தாணு பழைய சென்சாரை எடுத்துக் குப்பைத் தகர டப்பாவில் ஓங்கி எறிந்தார்.

“எத்தனை தடவை சோதிச்சேன் மேஸ்திரி! ஒவ்வொரு தடவையும் சரியான அளவைக் காட்டி என்னை ஏமாத்திருச்சே இந்தச் சனியன்!”

ஜெபமலர் கையைத் துடைத்துக்கொண்டார்.

“அது ஏமாத்தல அண்ணே. நீங்க கேட்ட இடத்துல எல்லாம் உண்மையைத்தான் சொல்லியிருக்கு.”