புத்தி கேட்கப் போன கூத்தபிரான்

மழைக்கும் ராஜாவுக்கும் ஜனங்கள் ஒரே மாதிரி பயந்து வாழ்ந்த முன்னொரு காலத்தில், ஒரு தேசத்தை ஒரு மகாராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஓர் ஆசை தோன்றினால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும். அவருடைய சபையில் கூத்தபிரான் என்றொரு விகடகவி இருந்தான். அவன் வாயைத் திறந்தால் மகாராஜா சிரிப்பார். அவர் சிரிக்கும்போதெல்லாம் பிரதானி அனந்தகோபருக்கு வயிறு எரியும்.

அந்த தேசத்தின் மேற்குக் கோடியில் ஒரு பெரிய ஏரி இருந்தது. ஏரிக்கு உள்பக்கம் மேலவயல், கரைக்கு வெளிப்பக்கம் கீழவயல். ஏரி நிரம்பினால்தான் கீழவயலில் பயிர் விளையும். ஆனால் அது தளும்ப நிரம்பினால் மேலவயலின் நிலமும் வீடும் மூழ்கும். அதனால், மிச்சத் தண்ணீர் வழியும் கலிங்கின்மேல் கீழவயல்காரர்கள் கல்லை அடுக்குவார்கள். மேலவயல்காரர்கள் வந்து அதைப் பிடுங்கி எறிவார்கள். மண்டை உடையாத மழைக்காலம் கிடையாது. கரையோ பல வருஷமாக மண் காணாமல், நடுவில் முதுகு ஒடிந்த மாடு மாதிரி தொய்ந்து கிடந்தது.

ஒரு நாள் இரண்டு ஊராரும் கட்டுப்போட்ட தலைகளோடு சபையில் வந்து நின்று, ராஜா முன்னாலேயே ஒருவரையொருவர் ஏசிக்கொண்டார்கள். மகாராஜாவுக்கு அலுத்துப் போயிற்று.

"இந்த இரண்டு ஊரும் ஒன்றையொன்று நம்புவதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். அதுவும் இந்த மழைக்காலத்திலேயே! யாரால் முடியும்?" என்றார்.

அனந்தகோபர் எழுந்து கைகூப்பினார்.

"மகாராஜா! மந்திரிகள் நாங்கள் எல்லோரும் அங்கே சென்று புத்திமதி கூறித் தோற்றுவிட்டோம். கூறக் கூறப் பகைதான் வளர்ந்தது. ஆகவே, ஒரு வார்த்தைகூடப் புத்தி சொல்லாமல், ஆணையிடாமல், பொருள் கொடுக்காமல் அவர்களை இணைக்கவல்ல ஒருவரை அனுப்ப வேண்டும். அத்தகைய மேதாவி நம் கூத்தபிரானைத் தவிர வேறு எவர்?"

மகாராஜாவுக்கு இந்த விந்தை மிகவும் பிடித்துவிட்டது. "பலே! கூத்தபிரானே, புறப்படும். புத்திமதி என்று ஒரு சொல் உம் வாயிலிருந்து வந்தாலும் சரி, ஊர்கள் ஒன்றுபடாமல் போனாலும் சரி, நம் எல்லைக்குள் உமக்கு இடமில்லை."

கூத்தபிரான் சிரித்துக்கொண்டே வணங்கினான். வெளியே வந்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. நாக்கை வைத்துப் பிழைக்கிறவனிடம் நாக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் போ என்றால் என்ன செய்வான்? போதாததற்கு, அவன் பேசுவதை ஒட்டுக்கேட்டு வந்து சொல்ல, வீரபாகு என்ற காவலனையும் கூடவே அனுப்பினார் பிரதானி.

கரைக்குப் போய்ச் சேர்ந்த கூத்தபிரான் இரண்டு பக்கமும் பார்த்தான். இந்தப் பக்கம் தடி, அந்தப் பக்கம் அரிவாள். 'சரி, சொல்லத்தானே கூடாது' என்று எண்ணிக்கொண்டு, ஒரு மண்வெட்டியை இரவல் வாங்கினான். தொய்ந்த இடத்தை நிரப்ப, கரையின் அடிவாரத்திலேயே மண்ணை வெட்டி அதன் தலையில் கொட்டத் தொடங்கினான்.

மேலவயல் பக்கம் சாணி வாரிக்கொண்டிருந்த பொன்னுருவிக்குப் பொறுக்கவில்லை. அவள் வாய்க்கு அந்த ஊரே அடங்கும்.

"யோவ்! கரையோட காலை வெட்டித் தலையில வைக்கிறீரே, உமக்குக் கிறுக்கா?"

"நிஜமாகவே தெரியாது தாயே. எங்கே வெட்டணும்?"

"ஏரிக்குள்ள வந்து வண்டலை வெட்டும். அதுதான் ஒட்டும்."

கூத்தபிரான் அப்படியே செய்தான். கூடையோடு கரை ஏறியபோது மறுபக்கம் கீழவயல் நாட்டாமை மாசாணம் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ஐயா, வண்டல்தான் ஒட்டும்னு அந்த அம்மா சொல்றாங்க. சரிதானா?"

மாசாணம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மண்ணைப் பார்த்தார். விவசாயிக்கு மண்ணைப் பற்றிப் பொய் சொல்ல வராது.

"அது... சரிதான். ஆனா சும்மா கொட்டினா கரைஞ்சு போயிரும். மிதிச்சு இறுக்கணும்."

கூத்தபிரான் ஓடினான் பொன்னுருவியிடம். "தாயே, நீங்க சொன்னது சரின்னு மாசாணம் ஐயா சொல்றார். மிதிக்கவும் வேணுமாம்."

பொன்னுருவியின் கையிலிருந்த கூடை அப்படியே நின்றது. "அவரா? என் பேச்சைச் சரின்னு சொன்னாரா?"

ஒரு பிடி மண் தண்ணீரில் கரைவது மாதிரி அவள் முகத்தில் ஏதோ கரைந்ததைக் கூத்தபிரான் கண்டான். சபையில் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறான். இப்படி ஒரு முகத்தை அவன் பார்த்ததில்லை. அன்று முதல் அவன் வேறு வேலை பார்க்கவில்லை. மண் சுமந்தான், கேட்டான். இங்கே கேட்டதை அங்கே கூட்டாமல் குறைக்காமல் கொண்டு போனான். அவன் மிதிக்கிற அழகைப் பார்த்துச் சிரிக்க வந்தவர்கள், பொறுக்காமல் தாங்களே இறங்கி மிதித்தார்கள். 'இவன் ஒரு அசடு' என்பதில் இரண்டு ஊருக்கும் கருத்து வேற்றுமையே இல்லை. பல வருஷத்துக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன முதல் சங்கதி அது.

இப்படி இருக்கையில் ஒரு நாள் அவன், "தாயே, கலிங்குக் கல்லை ஏன் பிடுங்குறீங்க?" என்று கேட்டான்.

பொன்னுருவி கூடையைக் கீழே வைத்தாள்.

"ஏனா? எம் மவ தொட்டில்ல கிடந்தா. நான் களத்து மேட்டுல இருந்தேன். வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சு. தொட்டில் உசரத்துல கட்டியிருந்ததால பிள்ளை தப்பிச்சா. அந்தத் தடம் இன்னும் சுவத்துல இருக்கு."

மாசாணம் நிமிர்ந்தார். "வீட்டுக்குள்ளயா? நிலத்துலதான் ஏறுதுன்னு நினைச்சேன்."

"நீங்க எப்ப வந்து பார்த்தீங்க?"

மாசாணம் அன்றே போய்ப் பார்த்தார். தண்ணீர்த் தடம் அவர் மார்புயரம் இருந்தது. அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். பிறகு அவர் கூப்பிட, பொன்னுருவியும் கீழவயலுக்குப் போனாள். கல்லைப் பிடுங்கிய வருஷம் காய்ந்து வெடித்த வயல்களையும், பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் பூட்டிவிட்டுப் போன வீடுகளையும் பார்த்தாள். அங்கே ஒரு கிழவி கொடுத்த மோரை அவளால் குடித்து முடிக்க முடியவில்லை.

தண்ணீர் எதுவரை ஏறலாம் என்று அவர்களே கத்தினார்கள், கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள், திரும்பி வந்தார்கள். கடைசியில் அந்த அளவைக் காட்ட ஏரிக்குள் ஒரு கல்லை நட்டார்கள்; தண்ணீர் அதை எட்டினால் கலிங்கில் அடுக்கிய கற்களை எடுத்துவிட வேண்டும் என்று பேச்சு. கூத்தபிரானை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

வானம் கறுத்தது. மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் பெய்த பிறகு, மகாராஜா யானைமேல் பரிவாரத்தோடு கரைக்கு வந்தார். பட்டப்பகலே மங்கிக் கிடந்தது. ஏரி கடலாக உறுமியது. நட்ட கல்லுக்குத் தண்ணீர் இன்னும் எட்டவில்லை; அதற்குள்ளேயே மாசாணமும் அவர் ஆட்களும் இடுப்பளவு நீரில் நின்று, தாங்கள் அடுக்கிய கற்களைத் தாங்களே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மகாராஜா வியந்து வாய் திறப்பதற்குள், நடுக்கரையில் ஊற்றுப் போலச் சேற்றுநீர் பீறிட்டது. கரை பிளக்கத் தொடங்கிற்று.

கூத்தபிரான் மேலவயல் பக்கம் திரும்பிப் பார்த்தான். கரை உடைந்தால் கீழவயல் அழியும். ஆனால் மேலவயலுக்கு? அவர்களுக்கு வெள்ளபயமே ஒழிந்துவிடும். கையைக் கட்டிக்கொண்டு நின்றாலே போதும்.

"இனிதான் பாருங்கள், மகாராஜா. ஒருவரும் அசைய மாட்டார்கள்" என்றார் அனந்தகோபர்.

அப்போது மழைத்திரைக்குள்ளிருந்து ஒரு கதவு நடந்து வந்தது. அடியில் பொன்னுருவி! தன் வீட்டு வாசற்கதவைக் கழற்றித் தலையில் சுமந்து அவள் ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் கட்டிலோடும் வைக்கோலோடும் மூங்கில் தட்டியோடும் மேலவயலே வந்தது.

"மாசாணண்ணே! பிடிங்க!"

கதவை உடைப்பில் சாய்த்தார்கள். அது நழுவியது. இரண்டு ஊர் ஆண்களும் பெண்களும் தோளோடு தோள் சேர்த்து அதன்மேல் முதுகைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் மண்ணைக் கைமாற்றினார்கள். யார் எந்த ஊர் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லோரும் சேற்று நிறமாக இருந்தார்கள். பீறிட்ட நீர் மெலிந்து, கசிந்து, நின்றது.

மகாராஜா யானையை விட்டு இறங்கினார். குடை பிடித்தவனை விலக்கினார். மழையில் நனைந்தபடி நின்றார். கூத்தபிரானின் கண்ணில் நீர் வழிந்தது. நல்லவேளை, மழை பெய்துகொண்டிருந்தது.

மழை ஓய்ந்ததும் அனந்தகோபர் முன்வந்தார். "புத்திமதி கூறாமல் இது நடந்திராது, மகாராஜா. ஆணையை மீறியிருக்கிறான். காவலன் வீரபாகுவை விசாரியுங்கள்!"

கழுத்துவரை சேறாக வீரபாகு கூட்டத்திலிருந்து வெளியே வந்தான். அவனும் முதுகு கொடுத்தவன்தான். "மகாராஜா, இவர் ஒரு புத்தியும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்."

"அவரா எங்களுக்குப் புத்தி சொன்னாரு?" என்று பொன்னுருவி பொங்கினாள். "மம்பட்டி பிடிக்கவே நாங்கல்ல சொல்லிக் குடுத்தோம்!"

மகாராஜா திரும்பினார். "கூத்தபிரானே, என்னதான் செய்தீர்?"

"தங்கள் ஆணையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினேன், பிரபு. புத்தி சொல்லக் கூடாது என்றீர்கள். கேட்கக் கூடாது என்று சொல்லவில்லையே! ஆகவே போகிற இடமெல்லாம் கேட்டேன். கேட்கக் கேட்க, அவர்களும் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்."

மகாராஜா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு யானைப்பாகன்வரை பரவி, கரை நெடுகிலும் ஓடியது. தம் முத்தாரத்தைக் கழற்றிக் கூத்தபிரானின் சேற்றுக் கழுத்தில் போட்டார். கலிங்கையும் கரையையும் அரண்மனைச் செலவில் கல்லால் கட்டித் தருவதாகச் சொன்னார்.

"பிரதானியாரே! இனி நம் சபையில் ஆலோசனை கூறுமுன், சம்பந்தப்பட்டவர்கள் ஊரில் போய் ஒரு மாதம் மண் சுமந்துவிட்டு வாரும். கூத்தபிரான் உமக்குக் கூடை எடுத்துக் கொடுப்பார்."

அனந்தகோபர் தம் வெண்பட்டைப் பார்த்துக்கொண்டார். பொன்னுருவி ஒரு கூடையை அவர் பக்கம் நீட்டி, "வாங்க சாமி, மொதல்ல வண்டல் எதுன்னு காட்டுறேன்" என்றாள். மகாராஜாவுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது.