சந்தடைச்ச பூவாத்தாளும் நாரு கேட்ட சிட்டும்

கண்ணுங்களா, நீங்க கஷ்டப்பட்டு மண்ணு குழைச்சு அடைச்ச சுவத்துச் சந்தை ஒரு குருவி வந்து கொத்திக் கொத்திப் பிரிச்சுப் போட்டா என்ன பண்ணுவீங்க? கல்லெடுத்து அடிப்பீங்களா? பொறுங்க, கதையைக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க.

ஒரு காலத்துல ஆறு ஒரு பக்கம், கரடுங்கற கல்லுக்குன்னு ஒரு பக்கம்னு நடுவுல ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊருக்கே பொதுவா ஒரு விதைக்கொட்டகை. மழை இறங்கினா விதைக்கிறதுக்கு ஊரு மொத்தத்தோட விதைநெல்லும் அதுக்குள்ளதான் இருக்கும். அதைப் பார்த்துக்கிட்டது சடையனும் அவன் பொண்டாட்டி பூவாத்தாளும். கதவு நிலைக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு சந்து. சாரல் உள்ளே போனா விதை முளை விட்டுப்போயிருமில்ல? அதனால பூவாத்தா செம்மண்ணு, சாணி, தேங்காய் நாரு மூணையும் குழைச்சு சந்தை அடைச்சு வெச்சா. நாரு போட்டா வெடிக்காதுன்னு அவ ஆத்தா வீட்டுப் பழக்கம்.

கொட்டகை ஓட்டுக்கடியில ஒரு சிட்டுக்குருவி. கொட்டகைக்குப் பின்னால வளையில ஒரு பெருச்சாளி. பெருச்சாளிக்கு விதைநெல்லு மேல கண்ணு. ஆனா காஞ்ச மண்ணைக் கரண்டறதுக்குச் சோம்பல். என்ன பண்ணுச்சு தெரியுமா? சிட்டுக்கிட்டப் போயி, "சிட்டக்கா, சிட்டக்கா, உன் குஞ்சுங்க வெறும் ஓட்டு மேலயா படுக்குது? ஐயோ பாவம்! அந்தச் சந்துல பாரு, பட்டு மாதிரி நாரு"ன்னு சொல்லுச்சு.

சிட்டு போய்ப் பார்த்துச்சு. ஆமா, நாரு! கொத்துச்சு, உருவுச்சு, பறந்துச்சு. மறுபடி வந்து கொத்துச்சு, உருவுச்சு, பறந்துச்சு. மண்ணெல்லாம் பொலபொலன்னு கீழே. பெருச்சாளி சந்துல நுழைஞ்சு மூக்கு முட்டத் தின்னுட்டு மெதுவா வெளியே வந்துச்சு.

சடையனுக்குக் கோவம். பனையோலையில கிலுகிலுப்பை கட்டித் தொங்கவிட்டான். சிட்டு அது மேல உக்காந்து ஊஞ்சலாடுச்சு. வைக்கப் பொம்மை செஞ்சு நிறுத்தினான். சிட்டு பொம்மையோட மீசையைப் பிடுங்கிட்டுப் போச்சு. கடைசியா அவனே தகரத்தைத் தட்டிக்கிட்டு நின்னான். சிட்டு பயப்படல, பக்கத்து வீட்டுக் கிழவர்தான் எந்திரிச்சு வந்து, "டேய் சடையா, குருவியை ஓட்டறியா, என்னை ஊரை விட்டே ஓட்டறியா?"ன்னு கேட்டாரு.

சிரிக்காதீங்க, இனிமேதான் கஷ்டம். கரட்டு மேல கருமேகம் ஏறிருச்சு. ஊர்க்கவுண்டர் வந்து சந்தைப் பார்த்தாரு. "ஏண்டா சடையா, நாளைக்கு மழை பிடிச்சா விதை என்னத்துக்கு ஆகும்? ஊரே பட்டினி கிடக்கறதா? அந்தக் குருவி உக்கார்ற கிளையில பசையைத் தடவு. ஒட்டிக்கிட்டதும் கழுத்தைத் திருகிப் போடு. முடியாதுன்னா சாவியைக் குடுத்துட்டுப் போ!"

சடையன் பசை காய்ச்சறதுக்கு ஆலம்பாலு எடுக்கக் கிளம்பினான். பூவாத்தா இடுப்புல பிள்ளையோட குறுக்க வந்து நின்னா.

"ஏனுங்க, கூட்டுல குஞ்சு கத்துதுங்க. தாயைக் கொன்னுட்டு நாம என்னத்தை விதைக்கப் போறோம்?"

"அப்ப நீயே போயி அதுங்கிட்டப் பேசு புள்ள!"

"பேசறேனுங்க. முதல்ல அது என்னத்தைக் கொண்டு போகுதுன்னு பார்க்கறேன்."

உக்காந்து பார்த்தா. சிட்டு கொத்துச்சு, மண்ணைத் துப்புச்சு, நாரை மட்டும் எடுத்துக்கிட்டுப் போச்சு. பூவாத்தா தலையில அடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. "ஏனுங்க, அதுக்கு மண்ணும் வேண்டாம், நெல்லும் வேண்டாம். தொட்டில் கட்ட நாரு வேணும். நாந்தான் மண்ணுல நாரைப் போட்டு அதைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வெச்சிருக்கேன்!"

உடனே ஒரு பழைய கூடை நிறைய நாரு போட்டு, தள்ளியிருந்த புளியமரத்துல கட்டிவிட்டா. அப்புறம் மண்ணு குழைச்சா. இந்தத் தடவை நாரு இல்லை. உமி, சாணி, கொஞ்சம் சுண்ணாம்பு, கசக்கறதுக்கு வேப்பந்தழைச் சாறு. மேலேயிருந்து பூசிக்கிட்டே வந்தா. அடியில ஒரு சாண் இருக்கறப்ப மண்ணு தீந்துபோச்சு. குழைச்சுக் கொண்டாரப் போனா.

உள்ளே யாரு? பெருச்சாளி! தின்னு தின்னு வயிறு பானை மாதிரி. அடைக்கறதுக்குள்ள ஓடிரலாம்னு அந்த அடிச்சந்துல தலையை விட்டுச்சு. தலை வந்துச்சு, காலு வந்துச்சு, வயிறு வரலை!

"சிட்டக்கா, சிட்டக்கா, பக்கத்துல இருக்கற பூச்சைக் கொஞ்சம் கொத்திவிடேன்!"

"அதுல நாரு இல்லையே, பெருச்சாளியண்ணே."

"சிட்டக்கா, உள்ளே இருக்கற நெல்லுல பாதி உனக்கு!"

"அது ஊரு நெல்லாச்சே, பெருச்சாளியண்ணே."

"சிட்டக்கா, உனக்கு நாரைக் காட்டினதே நாந்தானே!"

"ஆமாண்ணே. உன் பேச்சைக் கேட்டுத்தான் என் கழுத்துக்குப் பசை காய்ச்சப் பார்த்தாங்க"ன்னு சொல்லிட்டு, கீச்சுக் கீச்சுன்னு ஊரே கேக்கக் கத்துச்சு.

எல்லாரும் ஓடி வந்தாங்க. கவுண்டரும் வந்தாரு. வாயெல்லாம் விதைநெல்லோட பெருச்சாளி முழிக்குது! சடையன் பிடிச்சு இழுத்து வெளியே போட்டான். கவுண்டரோட நாயி பாஞ்சு வாலைக் கவ்வுச்சு. பாதி வாலை நாயி வாயில விட்டுட்டு, பெருச்சாளி கரட்டைத் தாண்டி ஓடுனது ஓடுனதுதான்.

கவுண்டரு குருவியைப் பார்த்தாரு, துண்டை உதறினாரு, "சாவி உங்கிட்டயே இருக்கட்டும் அம்மிணி"ன்னு பூவாத்தாகிட்டச் சொல்லிட்டு நடையைக் கட்டினாரு.

பூவாத்தா அடிச்சந்தையும் பூசி முடிச்சா. அது இறுகினதும் மழை கொட்டுச்சு பாருங்க, அப்படி ஒரு மழை. உள்ளே ஒரு சொட்டு இறங்கலை. விதை வயலுக்குப் போச்சு, பெருச்சாளி வாலில்லாமப் போச்சு, கூடை நாரெல்லாம் கூட்டுக்குப் போச்சு. அடுத்தவன் பசியைத் தூண்டிவிட்டுத் தன் வயித்தை வளர்த்தவன் அந்த வயித்தாலேயே மாட்டிக்குவான், தெரிஞ்சுக்கங்க.

மழை விட்டதும் சிட்டு பறந்து வந்து பூவாத்தா வீட்டு வாசப்படியில உக்காந்துச்சாம். தலையைச் சாய்ச்சுக்கிட்டு, "பூவாத்தக்கா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. அடுத்த வருசம் நாரைக் கொஞ்சம் மெல்லிசா உரிச்சு வையேன். குஞ்சுங்களுக்குக் குத்துதாம்!"னு கேட்டுச்சாம்.