நல்ல கால்

"ரெண்டு காலும் ஒண்ணு போல ஆயிடுச்சு மேடம். இன்னும் ஏன் அவளை ஆட விட மாட்டேங்குறீங்க?"

வந்ததும் வராததுமா பேச்சிமுத்து மாஸ்டர் இப்படித்தான் கேட்டார். உக்காரக்கூட இல்லை.

பொம்பளப் பிள்ளைங்க கபடி ஹாஸ்டல் அது. அடிபட்ட பிள்ளைங்களுக்குப் பயிற்சி குடுத்துத் திரும்பக் களத்துல இறக்குறது மாஸ்டர் வேலை. அந்த வேலையை அவருக்குச் சொல்லிக் குடுக்கிறது பிசியோ ரெஜினா மேடம். மாஸ்டரைவிட வயசுல ரொம்பச் சின்னவங்க. குருவுக்குத்தான் தலை நரைக்கணும்னு சட்டமா என்ன? இங்க சிஷ்யனுக்கு நரைச்சிருந்தது.

"யாரைச் சொல்றீங்க அண்ணே, சுகிர்தாவையா?"

"வேற யாரை?"

சுகிர்தாவுக்கு வலது முட்டியில ஜவ்வு கிழிஞ்சு ஆபரேஷன் ஆயிருந்தது. ஞாயித்துக்கிழமை ஒரு மேட்ச் வச்சு ஜூனியர் டீமுக்கு ஆள் எடுக்குறாங்க. அடுத்த வருஷம் வயசு தாண்டிரும். இந்தத் தடவை விட்டா விட்டதுதான்.

மாஸ்டர் சங்கதியையும் சொல்லிடணும். அவரும் ஒரு காலத்துல ஆடினவர்தான். முட்டி திரும்பினப்போ முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தமாவும் குழைச்சுக் கட்டி, மறு வாரமே பைனல்ல இறக்கிட்டாங்க. கப்பு ஜெயிச்சாங்க. பெரிய கப்பாம். அதுக்குள்ள ஒரு கைக்குழந்தையை உக்காரவச்சுப் போட்டோ புடிக்கப் போயி, அது அழுத அழுகையில போட்டோக்காரரே ஓடி... சரி, அது இப்ப எதுக்கு. அன்னையிலிருந்து மாஸ்டர் மாடிப்படியைப் பக்கவாட்டுலதான் இறங்குவார்.

"எப்படி அளந்தீங்க?"

"நீங்க சொன்ன மாதிரிதான். முதல்ல நல்ல கால்ல மட்டும் தாவச் சொன்னேன். வந்து நின்ன எடத்துல சாக்பீஸ்ல ஒரு கோடு. அப்புறம் ஆபரேஷன் பண்ணின கால். அதே கோட்டுல வந்து நின்னா மேடம்! பக்கத்துல நின்ன பிள்ளைங்கல்லாம் கை தட்டிருச்சுங்க."

"நல்ல கால்னு எதைச் சொல்றீங்க?"

"இடது காலைத்தான். அதுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே."

மேடம் எந்திரிச்சு பயிற்சி ஷெட்டுக்கு வந்தாங்க.

"தரையில விரிச்சிருக்கிற அந்த ரப்பர் மேட்டைச் சுருட்டுங்க அண்ணே."

சுருட்டினார்.

கீழ சிமெண்டுத் தரையில மஞ்சப் பெயிண்டுல வரிசையா கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்துல ஒரு பேரு. இடது, வலதுன்னு தனித்தனியா.

அந்த ஹாஸ்டல்ல ஒரு வழக்கம். சேர்ற அன்னைக்கே ஒவ்வொரு பிள்ளையும் இந்தக் கால்ல ஒரு தாவு, அந்தக் கால்ல ஒரு தாவு தாவணும். அதைக் கோடு போட்டு வச்சுருவாங்க. ஒரு தடவை மகளைச் சேர்க்க வந்த அம்மா, நானும் தாவுறேன்னு சேலையைத் தூக்கிச் சொருகிட்டுத் தாவிருச்சு. அந்தக் கோடும் இருக்கு. மகளைவிடத் தள்ளித்தான் இருக்கு.

மாஸ்டர் வேலைக்கு வந்தது சுகிர்தா விழுந்ததுக்கு அப்புறம். என்னமோ பிள்ளைங்க விளையாடின கிறுக்கல்னு நெனச்சு, அதுமேலேயே மேட்டை விரிச்சுப்புட்டார்.

சுகிர்தாவைக் கூப்பிட்டாங்க. ஜெர்சியே போட்டுக்கிட்டு வந்தா.

"ஞாயித்துக்கிழமை என்னை விட்டுருவீங்கள்ல மேடம்?"

"இடது கால்ல தாவு."

"வலதுதானே மேடம் பாக்கணும்?"

"இடது."

தாவினா. மூச்சைப் புடிச்சு, முழு பலத்தோட.

நின்ன எடத்துலேயே குனிஞ்சு பார்த்தா. அவ பேரு போட்ட இடது கோடு இன்னும் ஒரு முழம் முன்னால இருந்தது. ஒரு முழம் என்ன பெருசுன்னு நமக்குத் தோணும். நாலு பேரு காலைப் புடிச்சு இழுக்கையில நடுக்கோட்டைத் தொடப்போறவளுக்குத்தான் அது தெரியும்.

"வழுக்கிருச்சு மேடம். இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் தாவினா. அதுக்கப்புறமும் தாவினா.

கோடு அங்கேயேதான் இருந்தது.

"அந்தக் கால்ல அடியே படலையே மேடம்," மாஸ்டர் கேட்டார்.

"படலை."

"அப்புறம் எப்படி?"

"அதுவும்தானே அண்ணே இத்தனை மாசமா ஆடாம கெடக்கு."

மாஸ்டர் சாக்பீஸ் கோட்டோட சுருண்டு கெடந்த மேட்டைப் பார்த்தார். மஞ்சக் கோட்டைப் பார்த்தார்.

"அப்ப நான் மெலிஞ்ச காலோடயா மேடம் ஜோடி சேர்த்துப் பார்த்திருக்கேன்?"

ஆமான்னாங்க மேடம்.

"அப்ப ஞாயித்துக்கிழமை?" மாஸ்டரே கேட்டார்.

மேடம் தலையை மட்டும் ஆட்டினாங்க. இல்லைன்னு.

"ஒரே ஒரு மேட்ச்சுதானே மேடம். நான் ஆடலையா? நானும் முட்டியில கட்டோடதான..."

மேடம் அவரு காலைப் பார்க்கவே இல்லை. அவரேதான் குனிஞ்சு பார்த்துக்கிட்டார்.

சுகிர்தா அப்படியே தரையில உக்காந்துட்டா. அழுகை வந்துருச்சு. மாஸ்டர் பழக்கதோஷத்துல ஐஸ் பையைத் தூக்கிட்டு ஓடியாந்து அவ வலது முட்டியில வைக்கப் போனார். ஆபரேஷன் ஆனதுலேருந்து எல்லாமே அந்த முட்டிக்குத்தான். ஐஸ் அதுக்கு, தலைகாணி அதுக்கு. ஊர்லேருந்து அம்மா போன் பண்ணினாலும், சாப்பிட்டியான்னு கேக்குறதுக்கு முன்னாடி, முட்டி எப்படிடி இருக்குன்னுதான் கேக்கும்.

அவ ஐஸ் பையைத் தள்ளி விட்டா.

இடது காலை இழுத்து மடியில வச்சுக்கிட்டா. கைக்குழந்தையைத் தடவுற மாதிரி மெதுவாத் தடவினா.

"உன்னை ஒருத்தரும் கேக்கவே இல்லையே," ன்னா.