முங்க மறுத்த மடைக்காரி

சொல்கிறேன், கேளுங்கள். நடுவில் கொட்டாவி விட்டால் அங்கேயே நிறுத்திவிடுவேன், ஆமாம்.

ராஜா தும்மினால் நாடே "நூறாயுசு" சொன்ன காலம் அது. அப்போது வீரகண்டன் என்றொரு ராஜா இருந்தான். அவன் நாட்டின் தெற்குக் கோடியில் நாரைமடை என்றொரு ஊர். ஊரைவிடப் பெரிய ஏரி. ஏரி நடுவில் ஒரு திட்டு, திட்டு நிறையக் கருவேல மரம், மரம் நிறைய நத்தைகுத்தி நாரைகள்.

அந்த ஊர்க்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. நாரை அடைகாக்கும் மாதங்களில் கல்யாணம் வைத்தால் மேளம் கிடையாது. ஏரியில் மாடு குளிப்பாட்டக் கூடாது, துணி வெளுக்கக் கூடாது. அதற்கெல்லாம் கரைக்குக் கீழே தனிக் குட்டை. குடிப்பது அந்தத் தண்ணீர், விளைவதும் அந்தத் தண்ணீரில். பின்னே, பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

ஏரி மடையைத் திறப்பவள் சடைச்சி. கரையில் நின்று திருப்புகிற கதவு என்று நினைத்துவிடாதீர்கள். ஏரிக்கு அடியில், இரண்டு ஆள் ஆழத்தில் ஒரு கல் தூம்பு. அதன் வாயை ஒரு கல் அடைத்திருக்கும். மூச்சை அடக்கி முங்கிப் போய் அந்தக் கல்லைப் பெயர்த்தால்தான் வயலுக்குத் தண்ணீர். அவள் தாத்தன் முங்கினான், அப்பன் முங்கினான், இப்போது இவள் முங்குகிறாள். அந்த மூச்சு ஊரில் வேறு யாருக்கும் கிடையாது.

ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஏரிக்கரையில் யார் தொழில் செய்ய வந்தாலும், ஊர் முன்னால் ஒரு கை ஏரித் தண்ணீர் குடிக்க வேண்டும். சடைச்சிதான் அள்ளி ஊற்றுவாள். குடித்த தண்ணீரைக் கெடுக்க மாட்டேன் என்று அதற்கு அர்த்தம். குடித்துவிட்டால் போதும், அப்புறம் அந்த ஆளை யாரும் சந்தேகப்படக் கூடாது, சந்தேகப்படுவதே பாவம். வெள்ளந்தி ஜனங்கள், என்னத்தைச் சொல்ல!

ராஜாவுக்குத் திடீரென்று நீலத்தின் மேல் பித்துப் பிடித்தது. நீலத் தலைப்பாகை, நீல வேட்டி, நீலக் கொடி. குதிரை வாலில்கூட நீலத் துணி கட்டினான். ராணியின் தம்பி சோமதேவன் இதுதான் சமயம் என்று, "அத்தான், நீங்க கவலையை விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று கிளம்பினான். நீலச் சாயம் எடுக்கிற அவுரிச் செடியோடு வண்டி வண்டியாக நாரைமடைக்கு வந்தான். சடைச்சி ஊற்றிய தண்ணீரைக் குடித்தான். "ஆகா, தேனு! இன்னொரு கை ஊத்தும்மா" என்றான். ஊரே உருகிப் போனது. கரையில் பன்னிரண்டு சாயத் தொட்டி எழும்பியது.

முதல் மாதம் தொட்டிக் கழிவு வழிந்து கரையோரத் தண்ணீர் நீலமானது. இரண்டாம் மாதம் நத்தைகள் செத்து ஒதுங்கின. மூன்றாம் மாதம் நாரைகள் முட்டைகளை அப்படியே போட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டன.

"அவருதான் குடிச்சிருக்காரே, அவரா கெடுப்பாரு? இந்த வருசம் வெயில் ஜாஸ்தி, அதான்" என்றது ஊர். சடைச்சியும் இரண்டு மாதம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். திட்டுக்குப் போய், கூட்டில் கிடந்த முட்டையைத் தொட்டுப் பார்த்த அன்றுதான் அவளுக்கு உறைத்தது. முட்டை சில்லென்று இருந்தது. உட்கார்ந்து அழுதாள். "நான்தானே அள்ளி ஊத்தினேன், பாவி!" என்று தன் கையையே அடித்துக்கொண்டாள்.

அப்புறம் எழுந்து நேரே தொட்டிக்குப் போனாள். நிறுத்தச் சொன்னாள், சோமதேவன் சிரித்தான். மறுநாளும் போனாள், ஒரு நீலச் சேலை கொடுத்தான். அதை அவன் தொட்டியிலேயே விட்டெறிந்துவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் அவன், "நான் யாருன்னு தெரியுமாடி உனக்கு?" என்று கத்தினான்.

"தெரியுமே. இந்தத் தண்ணியைக் குடிச்சுட்டு இந்தத் தண்ணிக்கே விஷம் வெச்சவன்" என்றாள் சடைச்சி.

மடை திறக்கும் நாள் வந்தது. சடைச்சி முங்கவில்லை. கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்து நாள் போனது. நாற்றங்கால் மஞ்சளடித்தது. ஊர் திரண்டு வந்து, "உன் வீம்புக்கு எங்க நாத்து சாகணுமா?" என்று ஏசியது. "என் நாத்தும்தான் சாகுது" என்றாள். ஆனாலும் அந்தப் பேச்சு அவளைச் சுட்டது. சொந்த ஜனமே இப்படிப் பேசினால் யாருக்குத்தான் வலிக்காது?

மடைக்குக் கீழே முதலில் இருந்ததெல்லாம் ராஜாவின் நிலம். எட்டாம் நாள் காலையில் படையோடு ராஜாவே வந்து நின்றான்.

"ஏன் மடையைத் திறக்கவில்லை?"

"முங்க மாட்டேன், மகாராசா. முங்கினா கண்ணுல போகும், வாயில போகும். இந்தத் தண்ணி என் வாயில போக வேணாம்."

"பச்சைப் பொய், அத்தான்! தண்ணி சுத்தமாத்தான் இருக்கு. நிறம் கொஞ்சம் மாறியிருக்கு, அவ்வளவுதான்" என்றான் சோமதேவன்.

"மறுத்தால் உன் தலை போகும்" என்றான் ராஜா.

"எடுத்துக்குங்க. தலையோட மூச்சும் போயிரும். அப்புறம் யாரை முங்கச் சொல்லுவீங்க?"

ராஜாவுக்கு மீசை துடித்தது. வீரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினான். முதல் வீரன் முழங்கால் வரை இறங்கினான், அரிப்பு தாங்காமல் ஏறிவிட்டான். இரண்டாமவன் இடுப்பு வரை இறங்கினான், நாற்றம் தாங்காமல் வாந்தி எடுத்தான். மூன்றாமவன் இரண்டு பேரையும் பார்த்தான். "எனக்கு நீச்சல் தெரியாது, மகாராஜா" என்றான். போன சண்டையில் ஆற்றை நீந்திக் கடந்ததற்காகப் பட்டம் வாங்கியவன் அவன்!

சடைச்சி எழுந்தாள். "மகாராசா, தண்ணி சுத்தம்னு உங்க மச்சினர் சொல்றாரு. சரி, அவரு ஒரே ஒரு கை குடிக்கட்டும். குடிச்சா இந்த நிமிசமே முங்கறேன்."

எல்லாக் கண்ணும் சோமதேவன் பக்கம் திரும்பியது.

"இன்னிக்கு எனக்கு விரதம்" என்றான். "தண்ணீர் குடித்தால் விரதம் கெடாது" என்றான் ராஜா. "தொண்டை கட்டியிருக்கு, அத்தான்" என்றான். "ஒரு கைதானே" என்றான் ராஜா. சோமதேவனுக்கு வேர்த்து ஊற்றியது. "அதான் அன்னிக்கே குடிச்சேனே! இந்த ஊருக்கே தெரியுமே, கேட்டுப் பாருங்க!" என்று கத்தினான்.

 கூட்டத்திலிருந்து மண்பானை செய்யும் குழந்தைவேலு முன்னால் வந்தார். "ஆமாங்க மகாராசா, அவரு ஒரு தடவை குடிச்சாரு. நாங்க தெனமும் குடிக்கறோம்" என்றார். சொல்லிவிட்டுப் போய்ச் சடைச்சி பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பெண்சாதி உட்கார்ந்தாள். மூன்று நாள் முன்னால் ஏசியவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு வந்து உட்கார்ந்தார்கள். "நாத்து போனாப் போகட்டும்" என்றார்கள்.

ராஜா கரையில் இறங்கினான். குனிந்து தானே ஒரு கை அள்ளினான். முகத்தருகே கொண்டுபோனவன் குமட்டிக்கொண்டு உதறினான். கையில் நீலம் ஒட்டிக்கொண்டது. வேட்டியில் துடைத்தான், போகவில்லை.

"உடையுங்கள் அந்தத் தொட்டிகளை!" என்று உறுமினான்.

"ஐயோ, உடைச்சிராதீங்க! மிச்சமும் ஏரியிலதான் வந்து விழும்" என்று குறுக்கே ஓடினாள் சடைச்சி. "குடத்துல மொண்டு, தூரத்துப் பொட்டல்ல குழி வெட்டி ஊத்தட்டும். முதல் குடம் உங்க மச்சினர் தலையில."

அப்படியே நடந்தது. பட்டு உத்தரீயம் நனைய நனைய சோமதேவன் குடம் சுமந்தான். பன்னிரண்டு தொட்டியும் காலியாயிற்று.

"இப்போது முங்கு" என்றான் ராஜா.

"மாட்டேன்."

"இன்னுமா?"

"தொட்டிதானே போச்சு, மகாராசா? தண்ணி அப்படியேதானே கெடக்கு? மழை வந்து தெளியட்டும். அது வரைக்கும் உங்க நெல்லும் இல்லை, எங்க நெல்லும் இல்லை."

ராஜா வாளில் கை வைத்தான். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. கையை எடுத்துக்கொண்டு குதிரை ஏறிப் போனான். அந்த வருசம் நாரைமடை கேழ்வரகுக் கூழ் குடித்தது. அரண்மனையும் அதையேதான் குடித்தது.

அடுத்த மழைக்கு ஏரி நிரம்பிப் பழசையெல்லாம் அடித்துக்கொண்டு போனது. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்தது. நத்தைகள் ஊர்ந்தன. மடை திறக்கும் நாளுக்கு ராஜா வந்தான். சடைச்சி முதலில் தானே ஒரு கை குடித்தாள். பிறகு இன்னொரு கை அள்ளி அவனிடம் நீட்டினாள்.

"இனிமே வழக்கத்தை மாத்தியாச்சு, மகாராசா. இந்தத் தண்ணியில பொழைக்கறவங்க ஒவ்வொரு அமாவாசையும் வந்து ஊர் முன்னால குடிக்கணும்."

"நானுமா மாசா மாசம் வர வேண்டும்?"

"உங்க நெல்லு இதுல விளையுதில்ல? நீங்கதான் முதல்ல வரணும்."

ராஜா அவளைப் பார்த்தான். ஊரைப் பார்த்தான். கையை ஏந்திக் குடித்தான். அதன் பிறகுதான் சடைச்சி மூச்சை இழுத்துப் பிடித்து முங்கினாள்.

எல்லோருக்கும் பொதுவான நீரைக் காக்க ஒரு நாள் கொடுத்த வாக்கு போதாது. எதிரே ராஜாவே நின்றாலும் ஊர் ஒன்றாக உட்கார்ந்து ஒவ்வொரு நாளும் கேள்வி கேட்க வேண்டும்.